நத்தைகள் எங்கே போயின? கடற்கரைக் களப் பயிற்சி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஏழாம் நாள் காலை பத்தேகால் மணி. பாறைமேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த மாணவி கிளிப்போர்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "மேடம், இங்க ஒண்ணுமே இல்ல. ஆளுங்க மிதிச்சு மிதிச்சே எல்லாம் போயிருச்சு." அவள் முன்னால் கிடந்த 50 செ.மீ. சதுரச் சட்டத்துக்குள் மூன்றே மூன்று நத்தைகள். ஐந்து நாளைக்கு முன் வேறொரு கரையில் இதே சட்டத்தை வைத்தபோது, எண்ணுகிறவருக்குக் கண் வலித்து ஆள் மாற்றி ஆள் உட்கார வேண்டியிருந்தது. எனக்கும் அவள் சொன்னது சரியாகவே பட்டது. அன்று சாயங்காலம் வரை அப்படித்தான் நம்பினேன்.

அந்த நம்பிக்கை எப்படி உருவானது, எப்படிக் கலைந்தது என்பதைத்தான் இங்கே முழுமையாக எழுதி வைக்கிறேன். கடல் உயிரியல் களப் பயிற்சிக்குப் போகும் மாணவருக்கும், அதை நடத்தும் ஆசிரியருக்கும் இது பயன்படும். தவறில் என் பங்கு பெரிது. பத்து நாள் அட்டவணையைப் போட்டவள் நான்தான்.

பின்னணி

பயிற்சிக்கு வந்தவர்கள் விலங்கியல் இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவர்கள். இந்த ஆய்வுக்குரிய குழுவில் நால்வர். தங்கியது கடலோர ஆய்வு நிலையம் ஒன்றில். காலையில் கடல் வற்றும் நேரத்தில் பாறைக்கரை, பிற்பகலில் நுண்ணோக்கி, இரவில் அன்றைய தரவைக் கணினியில் ஏற்றுவது என்பதே தினசரி வேலை. முதல் நாள் முழுக்கக் கடல் ஏறி வற்றும் ஓதம் பற்றியும் உயிர்களை இனம் காண்பது பற்றியும் போனது. இரண்டாம் நாளிலிருந்து ஒவ்வொரு குழுவும் தன் சொந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். பத்தாம் நாள் எல்லோர் முன்னிலையிலும் முடிவைச் சொல்ல வேண்டும்.

பாறைக்கரையை ஏன் தேர்ந்தெடுக்கிறோம் என்று பெற்றோர்கூடக் கேட்பதுண்டு. கடல் உயிரியல் என்றால் படகும் ஆழ்கடலும்தானே என்று நினைக்கிறார்கள். ஓதம் ஏறி இறங்கும் பாறையில் இருபது அடி நடந்தால் போதும், பெரும்பாலும் நிலமாகவே இருக்கும் இடத்திலிருந்து பெரும்பாலும் கடலாகவே இருக்கும் இடத்துக்கு வந்துவிடலாம். மேலே கறுப்புப் பாசிப் படலமும் சிறு நத்தைகளும், அதற்குக் கீழே சுண்ணாம்புக் கொப்புளங்கள் போல ஒட்டிக்கிடக்கும் கொட்டலசுகள், இன்னும் கீழே ஈரம் காயாத கடற்பாசி. பட்டை பட்டையாகக் கோடு கிழித்தது போல இருக்கும். ஒவ்வொரு பட்டையும் ஏன் அங்கே தொடங்கி அங்கே முடிகிறது என்று கேட்டால், அதுவே ஓர் ஆயுள் காலத்துக்கான படிப்பு. ஸ்காட்லாந்தின் கம்ப்ரே தீவில் சூழலியலாளர் ஜோசப் கொனல் இந்தப் பட்டைகளைத்தான் ஆராய்ந்தார். மேல் பட்டையில் வாழும் ஒரு கொட்டலசு இனம் கீழே இறங்காமல் இருப்பதற்குத் தண்ணீர் காரணமல்ல, கீழே வளரும் இன்னோர் இனம் அதை நெருக்கியும் பெயர்த்தும் கொன்றுவிடுகிறது என்று 1961-ல் காட்டினார். பெரிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த இன்னோர் இனத்தைச் சில இடங்களில் அகற்றினார், பக்கத்திலேயே சில இடங்களில் அப்படியே விட்டார், திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்.

கேள்வி

குழு கொண்டுவந்த தலைப்பு "கடல்வாழ் உயிர்கள் மீது மனித நடமாட்டத்தின் தாக்கம்". முதல் நாள் இரவு உட்கார்ந்து அதைச் சுருக்கினோம். எந்த உயிர்? எதை எண்ணப் போகிறீர்கள்? எண்ணிக்கை எப்படி வந்தால் உங்கள் கருத்து தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்? இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் நெடுநேரம் பதில் வரவில்லை. கடைசியில் இப்படி நின்றது: ஆள் நடமாட்டம் உள்ள பாறையில் பெரிவிங்கிள் எனப்படும் சிறு நத்தைகள், நடமாட்டம் இல்லாத பாறையைவிடக் குறைவாக இருக்கின்றனவா?

இரண்டு கரைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்று முனையைச் சுற்றிக்கொண்டு நடந்தால்தான் வரும், ஆள் அரவமற்ற பாறை. அதை அ என்று வைத்துக்கொள்வோம். மற்றது பாதையை ஒட்டியே இருப்பது, நாள் முழுக்கக் காலடி படுவது. அது ஆ. இரண்டும் ஒரே வகைப் பாறை, ஒரே திசையைப் பார்த்தவை. நத்தையோடு லிம்பெட்டையும் எண்ணினார்கள். கூம்புத் தொப்பி போன்ற ஒற்றை ஓடு கொண்டது, பாறையைக் கவ்விக்கொண்டிருப்பது. கொட்டலசு எத்தனை சதவீதப் பரப்பை மூடியிருக்கிறது என்பதையும் குறித்தார்கள். லிம்பெட்டும் கொட்டலசும் கேள்வியிலேயே இல்லை. "ஷீட்ல இடம் இருக்கு மேடம், சேர்த்துக்கலாம்" என்று ஒருவன் சொன்னதால் சேர்ந்தவை. பிறகு அவைதான் காப்பாற்றின.

முறை

நீர் விளிம்பிலிருந்து நாடா பிடித்து 2, 6, 10 மீட்டரில் மூன்று நிலையங்கள். கீழ், நடு, மேல் என்று பெயர். ஒவ்வொன்றிலும் சமவாய்ப்பு எண் அட்டவணையைப் பார்த்துப் பத்துச் சட்டங்கள். கைக்கு வந்த இடத்தில் சட்டத்தை வீசவில்லை. வீசினால் கண் தன்னையறியாமல் நத்தை அடர்ந்த இடத்தைத் தேடிப்போகும். இதில் குழுவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, மிகுந்த ஒழுங்கோடு செய்தார்கள். புரட்டிய கல்லைப் புரட்டியபடி விடக்கூடாது, அடிப்பக்கம் இருந்த உயிர்கள் வெயிலில் காய்ந்து செத்துவிடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். கடைசி நாள் வரை ஒரு கல்கூட மல்லாந்து கிடந்து நான் பார்க்கவில்லை. ஒருவர் எப்போதும் கடலைப் பார்த்தபடி நின்றார்.

அ கரையை இரண்டாம், மூன்றாம் நாளில் எண்ணினார்கள். நான்காம் நாள் படகில் மிதவை உயிரி வலை இழுக்கப் போனோம். ஐந்தாம் நாள் கடல் கொந்தளிப்பு, பாறைக்கு யாரையும் விடவில்லை. ஆ கரையை ஆறாம், ஏழாம் நாளில் எண்ணினார்கள். அட்டவணையில் பார்க்க அழகாக இருந்தது: கரைக்கு இரண்டு நாள்.

முடிவு போலத் தெரிந்தது

ஏழாம் நாள் பிற்பகலில் பட்டை வரைபடம் தயார். அ கரைக்கு உயரமான பட்டை, ஆ கரைக்குக் குட்டைப் பட்டை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம் போன்ற வித்தியாசம். புள்ளியியல் சோதனையும் ஒத்துப்போனது. நால்வர் முகத்திலும் அப்படி ஒரு மலர்ச்சி. அறிமுகப் பத்தியில் "மனிதக் காலடி" என்ற சொல் ஏற்கெனவே ஏறிவிட்டது.

லிம்பெட் எண்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தவன்தான் நிறுத்தினான். "மேடம், மிதிச்சா லிம்பெட்டும் கொறையணும்தானே? ரெண்டு கரைலயும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் இருக்கு." கொட்டலசுப் பரப்பும் அப்படித்தான். இந்தக் கேள்வியைக் கேட்டது நானல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காலடி நத்தையை ஒழித்துவிட்டு, அசையவே முடியாத கொட்டலசை ஏன் நொறுக்காமல் விட்டது? நத்தையாவது ஒதுங்கலாம். கொட்டலசு எங்கே போகும்?

நான்கு நாள் டேட்டா ஷீட்டுகளையும் மேசையில் பக்கம் பக்கமாகப் பரப்பச் சொன்னேன். எண்களைப் பார்க்க வேண்டாம், தலைப்பு வரியை மட்டும் படியுங்கள் என்றேன். தேதி, நேரம், வானிலை. அ கரை: காலை 6.10, மேகம். அ கரை: காலை 6.50, இளவெயில். ஆ கரை: காலை 9.20, வெயில். ஆ கரை: காலை 10.15, கடும் வெயில்.

அறை அமைதியானது. முதலில் பேசியவள், காலையில் "மிதிச்சே போயிருச்சு" என்றவள்தான். "நாம கரையை ஒப்பிடல. நேரத்தை ஒப்பிட்டிருக்கோம்."

என்ன நடந்தது

நிலவைக் கணக்கில் கொண்ட ஒரு நாள் 24 மணி 50 நிமிடம். அதனால் கடல் வற்றும் நேரம் ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் பின்னே தள்ளிப் போகிறது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி அந்தத் தள்ளல் குறைவு, அரைநிலாவை நெருங்க நெருங்க அதிகம். பயிற்சியைப் பௌர்ணமிக்கு அடுத்த நாள் தொடங்கினோம், அப்போதுதான் கடல் நன்றாக வற்றும் என்பதற்காக. ஆகவே இரண்டாம் நாள் விடியற்காலையில் இருந்த வற்றம், ஏழாம் நாளுக்குள் முற்பகல் வெயிலுக்குள் நகர்ந்துவிட்டது. வற்றத்தைத் துரத்திக்கொண்டே போன நாங்கள், வெயிலையும் கூடவே கூட்டிக்கொண்டு போயிருக்கிறோம்.

நத்தைக்கு இந்த நேர வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. பெரிவிங்கிள் நத்தை செவுளால் மூச்சுவிடும் கடல் மரபில் வந்தது, ஈரம் போனால் நகர முடியாது. பாறை நனைந்திருக்கும் வரை வெளியே வந்து மேலிருக்கும் பாசிப் படலத்தைச் சுரண்டித் தின்னும். பாறை காயத் தொடங்கியதும் பிளவுக்குள் ஒதுங்கும். உடலை ஓட்டுக்குள் இழுத்து மூடியால் வாயை அடைக்கும். ஓட்டின் விளிம்பைக் கோழைத் துளியால் பாறையில் ஒட்டிக்கொள்ளும். அது காய்ந்து மெல்லிய சவ்வு போல இறுகிவிடும். பாதம் பாறையைத் தொடாமல், ஓடு மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். சுட்ட பாறையின் சூடு உடலில் ஏறாமல் இருக்க இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை. அந்தச் சவ்வை முதன்முதலில் லென்ஸ் வழியாகப் பார்த்தபோது நான் மாணவி. இன்றும் அதைப் பார்த்தால் கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறேன்.

லிம்பெட் நடந்துகொள்வது வேறு. பல லிம்பெட் இனங்களுக்குப் பாறையில் சொந்த இடம் உண்டு. ஓட்டு விளிம்பும் பாறையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி தேய்ந்த வட்டத் தழும்பு அது. நீர் மூடியிருக்கும்போதோ பாறை ஈரமாக இருக்கும்போதோ மேயப் போய்விட்டு, காய்வதற்கு முன் அதே இடத்துக்கு வந்து அமர்ந்துவிடும். நாங்கள் போவது எப்போதும் கடல் வற்றிய நேரம் என்பதால் ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் அது அங்கேதான் இருந்தது. எண்ணிக்கை மாறாததற்குக் காரணம் அதுவே. பாறையில் இருப்பது, எண்ணிக்கைக்கு அகப்படுவது என்ற இரண்டும் லிம்பெட்டில் ஒன்றாக இருந்தன, நத்தையில் ஒன்றாக இல்லை.

இன்னொரு பிழையும் அதற்கடியில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க மேலும் ஒரு மணி நேரம் ஆயிற்று. நிலையங்களை நீர் விளிம்பிலிருந்து அளந்தோம் அல்லவா? பௌர்ணமியை ஒட்டிய வற்றத்தில் விளிம்பு மிகக் கீழே இருக்கும். அரைநிலாவை நோக்கி நகரும் நாட்களில் கடல் அவ்வளவு இறங்குவதில்லை, அவ்வளவு ஏறுவதுமில்லை. ஆக ஆறாம், ஏழாம் நாளின் "கீழ் நிலையம்" உண்மையில் கரையின் இன்னும் உயரமான இடம். "மேல் நிலையம்" நத்தைப் பட்டையின் உச்சியைத் தாண்டியே போயிருக்கலாம், அன்று ஏற்றம்கூட அதை எட்டியிருக்காது. இரண்டு கரைகளிலும் ஒரே பெயர் கொண்ட நிலையங்கள் ஒரே மட்டத்தில் இல்லை. அளவுகோலின் பூச்சியத்தையே ஒவ்வொரு நாளும் நகரும் ஒன்றில் வைத்துவிட்டோம்.

மறுபரிசோதனை

மீதம் இருந்தது மூன்று நாள். ஏற்கெனவே இருக்கும் தரவை வைத்தே ஏதாவது சமாளித்து எழுதிவிடலாமா என்று நால்வரில் ஒருவர் கேட்டார். களைப்பில் கேட்ட கேள்வி. மற்ற மூவரும் பதில் சொல்லவில்லை, மறுநாளுக்கான ஷீட்டைக் கோடு போடத் தொடங்கினார்கள்.

எட்டாம் நாள் முதல் வேலை மட்டம். இரண்டு கரைகளிலும் அசையாத பாறை முகடு ஒன்றைக் குறியாக வைத்து, அன்றைய வற்றத்தில் அமைதியான நேரம் பார்த்து நீர்மட்டத்தோடு ஒரே நேரத்தில் ஒப்பிட்டோம். இரண்டு கரைகளும் அருகருகே இருந்ததால் கடல்மட்டமே பொதுக் குறியாயிற்று. முகட்டிலிருந்து கீழே இறங்கி உயரத்தை அளக்கக் கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் போதும். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அவ்வளவுதான் கருவி. குழாய் இல்லாவிட்டால் ஒரே நீளமுள்ள இரண்டு கோல்களை நிறுத்தி அடிவானத்தோடு பார்வையைச் சேர்த்து அளக்கலாம். 1961-ல் கடல் நிலவியலாளர் எமெரி எழுதிய அந்த எளிய முறை இன்றும் கடற்கரை அளவீட்டில் புழக்கத்தில் இருக்கிறது. கீழ் நிலையம் அன்று தண்ணீருக்கடியில் இருந்ததால் அதை விட்டுவிட்டார்கள்.

பிறகு குழு இரண்டாகப் பிரிந்தது. அ கரையில் இருவர், ஆ கரையில் இருவர், ஒரே நேரத்தில் தொடக்கம். ஷீட்டில் புதிதாக இரண்டு பத்தி: "மேற்பரப்பில்", "பிளவில்". ஆளுக்கொரு டார்ச்.

நான் ஆ கரையில் இருந்தேன். முதல் சட்டத்துக்குள் வெறும் பாறை, இரண்டே நத்தை. சட்டத்தின் குறுக்கே விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. என்னோடு இருந்த மாணவி கன்னத்தைப் பாறையோடு வைத்து டார்ச்சைச் சாய்த்து அடித்தாள். உள்ளே மிளகைக் கொட்டி வைத்தது போல நத்தைகள், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காக, எல்லாம் வாயை மூடிக்கொண்டு. எண்ணத் தொடங்கி இரண்டு முறை தப்பி, மூன்றாம் முறை ஈர்க்குச்சி நுனியால் தொட்டுத் தொட்டு எண்ணி முடித்தாள். பிறகு நிமிர்ந்து, "நேத்து இதுமேலதான் சட்டத்தை வச்சேன்" என்றாள்.

போகும் முன் ஆ கரையின் மேல் நிலையத்தில் ஐந்து சட்டங்களின் மூலைகளை மெழுகுச் சாக்கால் குறித்தார்கள். மறுநாள் விடியலில் அதே ஐந்து இடத்துக்குத் திரும்பினோம். இப்போது கடல் ஏறியிருந்த நேரம். நீர் நிலையம் வரை வரவில்லை, அலைத் தெறிப்பு மட்டும் பாறையைக் கறுப்பாக நனைத்திருந்தது. வெடிப்புக்குள் நேற்றைய கூட்டம் இல்லை. அத்தனையும் மேற்பரப்பில், கொம்பை நீட்டி, பின்னால் ஈரக் கோடு விட்டபடி மேய்ந்துகொண்டிருந்தன. யாரும் உடனே எண்ணத் தொடங்கவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

மேற்பரப்பு, பிளவு இரண்டையும் கூட்டி, ஒரே மட்டத்தில், ஒரே நேரத்தில் எண்ணியபோது அ கரைக்கும் ஆ கரைக்கும் இருந்த பெரிய வித்தியாசம் கரைந்துவிட்டது. ஆ கரையில் கொஞ்சம் குறைவு என்று சொல்லும்படி ஒரு மீதம் இருந்தது. அந்த மீதத்தை என்ன செய்வது என்பதில்தான் கடைசி இரவு விவாதம் முழுக்கப் போனது.

மீதமும் அதன் எல்லையும்

ஒருவன் சொன்னான்: "கரைக்கு இருபது சட்டம் வச்சிருக்கோம், மாதிரி போதும்." போதாது. சட்டங்கள் இருபதாக இருக்கலாம், கரைகள் இரண்டுதான். காலடி உள்ள கரை ஒன்று, இல்லாத கரை ஒன்று. ஆ கரையில் பிளவு குறைவாக இருக்கலாம், நிழல் வேறாக இருக்கலாம், அலையின் வேகம் சற்று மாறியிருக்கலாம். அவற்றிலிருந்து காலடியைப் பிரித்துக் காட்ட, இருபதை இருநூறாக்கினாலும் முடியாது. சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-ல் இதற்குப் போலி மறுசெய்கை என்று பொருள்படும் ஒரு பெயரே வைத்தார். சூழலியல் ஆய்வுகளில் இந்தப் பிழை எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். அச்சேறிய ஆய்வாளர்களே விழுந்த குழி இது, மூன்றாம் ஆண்டு மாணவர்கள் விழுந்ததில் வெட்கம் இல்லை.

அப்படியானால் காலடியைப் பற்றி எப்படித்தான் அறிவது? பல கரைகள் வேண்டும், அல்லது கரையை நாமே மாற்றிப் பார்க்க வேண்டும். சூழலியலாளர் ராபர்ட் பெயின் 1960-களில் வாஷிங்டன் மாநிலக் கடலோரத்தில் இரண்டாவது வழியில் போனார். ஒரு பாறைத் துண்டிலிருந்து பிசாஸ்டர் என்ற நட்சத்திர மீனைத் தொடர்ந்து பெயர்த்து எறிந்தார், பக்கத்துத் துண்டை அப்படியே விட்டார். எறிந்த இடத்தில் மட்டி இனம் பாறையை ஆக்கிரமித்து, 15 ஆக இருந்த இனங்கள் 8 ஆகக் குறைந்தன. பாறையின் சில துண்டுகளில் மட்டும் வேண்டுமென்றே நடந்து பார்ப்பதும் அதே வகைச் சோதனைதான். அதற்கு மாதக்கணக்கு வேண்டும், அனுமதி வேண்டும். பத்து நாள் பயிற்சிக்குள் அடங்காது.

குழு தன் அறிக்கையின் தலைப்பை மாற்றிக்கொண்டது. காலடி என்ற சொல் போய்விட்டது. "வற்ற நேரம் மாறும்போது பெரிவிங்கிள் எண்ணிக்கையில் தோன்றும் வேறுபாடு" என்று வந்தது. பழைய பட்டை வரைபடத்தை மறைக்கவில்லை. முதல் பக்கத்திலேயே போட்டு, ஏன் அது நம்பத் தகாதது என்று கீழே எழுதினார்கள். பத்தாம் நாள் கேள்வி நேரத்தில் வேறு குழுவைச் சேர்ந்த ஒருத்தி, "அப்ப காலடியால பாதிப்பு இல்லன்னு சொல்றீங்களா?" என்று கேட்டாள். "இருக்குன்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. எங்க தரவுக்கு அதைச் சொல்ற பலம் கிடையாது" என்று பதில் வந்தது. பதில் சொன்னவள் முதல் வாரத்தில் வாய் திறக்கவே தயங்கியவள்.

மதிப்பெண் போடும்போது உடன் ஆசிரியர் ஒருவருக்குத் தயக்கம் இருந்தது. முதல் முடிவு தவறிவிட்டது, இரண்டாவதில் சிறிதளவு தரவுதான், இதற்கு எப்படி அதிகம் போடுவது என்றார். நான் டேட்டா ஷீட்டுகளை அவர் முன் வைத்தேன். முதல் நாளிலிருந்தே நேரமும் வானிலையும் விடாமல் எழுதியிருந்தார்கள். அந்த வரி காலியாக இருந்திருந்தால் பிழை வெளியே வந்திருக்காது. நான்கு நாள் வேலையைத் தவறென்று கண்டு, மறுநாள் காலை அதே பாறைக்குத் திரும்பப் போன குழுவுக்குக் குறைத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. அவரும் கடைசியில் ஒப்புக்கொண்டார்.

இப்போது என் அட்டவணையில் எந்த ஒப்பீட்டையும் தனித்தனி நாளில் வைப்பதில்லை. ஒப்பிட வேண்டிய கரைகளுக்கு ஒரே வற்றத்தில் ஆள் பிரிந்து போகிறார்கள், மறுநாள் ஆட்கள் கரை மாறுகிறார்கள். மட்டக்குறி வைப்பது முதல் நாள் வேலை. ஒரே சட்டத்தை விடியலில் ஒரு முறை, வெயிலில் ஒரு முறை எண்ணுவதும் முதல் நாளே, ஆனால் ஏன் என்று சொல்லிவிடுவதில்லை. டார்ச்சைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, அவர்களாக அந்த வெடிப்புக்குள் அடித்துப் பார்க்கும் வரை பக்கத்துப் பாறையில் உட்கார்ந்திருக்கிறேன்.